ஏழு புள்ளிக் கத்தி

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். தையல் மெஷின் இழுப்பறையிலோ, பழைய பிஸ்கட் டப்பாவிலோ, சாவி இல்லாத பூட்டுகளுக்கு நடுவில் துருவேறிக் கிடக்கும். மடக்குக் கத்தி. ஊருக்கு ஊர் பேனாக்கத்தி, பாக்கெட் கத்தி என்று பெயர் மாறும். இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்காகச் சட்டைப்பையில் வைத்திருந்த சின்னக் கத்திதான் பேனாக்கத்தி. இறகு போய், மைப் பேனா போய், இப்போது பேனாவே போய்க்கொண்டிருக்கிறது. பெயர் மட்டும் நிற்கிறது.

அந்தக் கத்தியோடு ஒரு கதையும் இருக்கும். "அது வெள்ளைக்காரன் காலத்துக் கத்தி. தாத்தாவுக்குத் துரை கையால கொடுத்தது. இன்னிக்கு வித்தா லட்சம் போகும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கதை எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பெரும்பாலும் கத்தியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் வீட்டுக் கத்தி சொன்ன பதில், யாரும் எதிர்பார்க்காதது.

தோல் பார்த்த கண்

எனக்கு ஊர் மாதனூர். வேலூரிலிருந்து பெங்களூரு போகிற நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவைத் தாண்டினால் எங்கள் ஊர், அதைத் தாண்டினால் ஆம்பூர். காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். 26 வருஷம் நானும் அந்த பஸ்ஸில் போய் வந்தவள்தான். கடைசிப் பதினைந்து வருஷம் தரம் பார்க்கும் பிரிவில், எல்லோரும் சொல்கிற மாதிரிச் சொன்னால் க்யூசி-யில் இருந்தேன்.

தோல் பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதல்ல. மாடு உயிரோடு இருந்தபோது முள்வேலி கிழித்த கீறல், உண்ணி கடித்த தழும்பு, அம்மை வடு எல்லாம் பதப்படுத்திச் சாயம் ஏற்றிய பிறகும் தெரியும். நிஜத் தோலில் மயிர்க்கால் துளைகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். ரெக்ஸினில் அச்சடித்த துளைகள் ஒரே வரிசையில், ஒரே அளவில் இருக்கும். நிஜத்தில் ஒழுங்கு குறைவு. போலியில்தான் ஒழுங்கு அதிகம். இந்த ஒரு பாடம் பிற்பாடு எனக்கு வேறு இடத்தில் உதவியது.

கத்தி மேல் ஆசை எப்படி வந்தது என்று கேட்பார்கள். எங்கள் பகுதியில் கத்தி தெரியாமல் தோல் வேலை இல்லை. பச்சைத் தோலில் ஒட்டிய சதையைச் சுரண்ட ஒரு கத்தி, தோலின் விளிம்பை மெலிதாகச் சீவ ஒரு கத்தி, வெட்ட ஒரு கத்தி. அப்பா டேனரியில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாணைக்கல்லில் கத்தியைத் தீட்டும் சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

2009-ல் ஆம்பூரில் ஒரு காயலான் கடையில் பழைய இரும்புக்கு நடுவே ஒரு சின்ன மடக்குக் கத்தியைப் பார்த்தேன். எடைக்குப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து எண்ணெய் விட்டுத் துடைத்தால், அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ‘ஜோசப் ராஜர்ஸ்’ கம்பெனியின் முத்திரை அது. அந்த முத்திரை 1682-லேயே பதிவானது என்று தெரிந்தபோது அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பத்து ரூபாய் இரும்புக்குள் இவ்வளவு வரலாறா!

இப்போது என்னிடம் 34 மடக்குக் கத்திகள் இருக்கின்றன. ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன், அமெரிக்கா என்று மூன்று டப்பாக்கள். "எல்லாரும் புடவை சேர்ப்பாங்க, நகை சேர்ப்பாங்க, எங்கம்மா கத்தி சேர்க்குது" என்று மகன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும். புடவைக்குச் செலவாவதில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்கு ஆகவில்லை.

கத்திக்கும் பிறந்த தேதி உண்டு

மடக்குக் கத்தியை விரித்துப் பாருங்கள். வெட்டுகிற கூர்ப்பகுதி முடிந்து, பிடிக்குள் நுழைகிற இடத்தில் கூர் இல்லாத சின்னச் சதுரம் ஒன்று இருக்கும். கம்பெனியின் பெயரை அங்கேதான் அடித்திருப்பார்கள். கத்தியின் ஜாதகம் அந்தச் சதுரம்தான். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும், படித்துவிடலாம்.

உதாரணத்துக்கு, அமெரிக்கா 1890-ல் ஒரு சுங்கச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று பொறிக்க வேண்டும் என்றது அது. அதன் பிறகுதான் ஷெஃபீல்டு கத்திகளில் ‘இங்கிலாந்து’ என்ற சொல் பரவலாக வருகிறது. ஆகவே அந்தச் சொல் இருந்தால், கத்தி அநேகமாக அதற்குப் பிந்தியது. அரச முத்திரையோடு ‘வி.ஆர்.’ என்று இருந்தால் விக்டோரியா ராணி காலம், ‘ஜி.ஆர்.’ என்றால் ஜார்ஜ் மன்னர்கள் காலம்.

அமெரிக்கக் கத்திகளில் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது ‘கேஸ்’ கம்பெனியின் கத்திகளை. 1889-ல் கேஸ் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கிய தொழில். பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்ட் என்ற ஊரில் இன்றும் நடக்கிறது. இவர்களுடைய முத்திரையில் ‘கேஸ்’ என்ற பெயருக்குப் பின்னால் இரண்டு எக்ஸ் இருக்கும். அலகு இரண்டு தடவை உலையில் பதம் பார்த்து வந்தது என்பதற்கான அடையாளம் என்று கம்பெனியே சொல்கிறது.

முத்திரை காலத்துக்குக் காலம் மாறியது. ‘கேஸ் டெஸ்டட் எக்ஸ்எக்ஸ்’ என்றால் சுமார் 1920 முதல் 1940 வரை. வெறும் ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ என்றால் 1940-லிருந்து 1964 வரை. கீழே ‘யு.எஸ்.ஏ.’ சேர்ந்தது 1965-ல். 1970-ல் ஓர் அழகான வேலை செய்தார்கள். ‘யு.எஸ்.ஏ.’வுக்குக் கீழே பத்துச் சின்னப் புள்ளிகள் வைத்தார்கள். அடுத்த வருஷம் ஒன்பது. அதற்கடுத்த வருஷம் எட்டு. இப்படி ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்து, 1979-ல் ஒரே ஒரு புள்ளியில் நிறுத்தினார்கள். கணக்கு சுலபம்: 1980-லிருந்து புள்ளிகளைக் கழித்தால் கத்தி பிறந்த வருஷம்.

முத்திரையின் பின்பக்கம் ஓர் எண் இருக்கும். அதுவும் பேசும். 6318 என்று இருந்தால், முதல் எண் 6 பிடி எலும்பு வகை என்பதைச் சொல்கிறது. அடுத்த 3, அலகு மூன்று என்கிறது. மிச்சமுள்ள 18 வடிவத்தின் எண். இந்த வடிவத்துக்கு ‘ஸ்டாக்மேன்’ என்று பெயர். மாடு மேய்ப்பவர்களுக்காகச் செய்தது. மூன்று அலகில் ஒன்று மழுங்கிய நுனியோடு இருக்கும். கன்றுக்குட்டிக்குக் காயடிக்கும்போது நுனி குத்திவிடக் கூடாது என்பதற்காக!

பெட்டியிலிருந்து வந்தது

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

வேலூருக்கும் அமெரிக்காவுக்கும் உறவு பழையது. 19-ம் நூற்றாண்டிலேயே ஆற்காடு மிஷனின் அமெரிக்க டாக்டர்கள் ராணிப்பேட்டை, வேலூர் பகுதிக்கு வந்துவிட்டார்கள். டாக்டர் ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில்தான் பிறந்தார். 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு அவர் ஆரம்பித்த மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். அதனால் எங்கள் பகுதிப் பழைய குடும்பங்களில் யாராவது ஒருவர் மிஷனில் தோட்ட வேலை, சமையல் வேலை, வண்டி ஓட்டுகிற வேலை செய்திருப்பார்கள்.

என் தாத்தா, அப்பாவுடைய அப்பா, அப்படித் தோட்ட வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிப் போன ஓர் அமெரிக்க டாக்டர், செடி ஒட்டுக்கட்ட வைத்துக்கொள் என்று தன் பையிலிருந்த கத்தியைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். இரண்டாம் உலகப்போர் சமயம். தாத்தா 1961-ல் இறந்துவிட்டார். கத்தி பாட்டியின் சுருக்குப்பைக்கு வந்தது. பாட்டி அதால் புகையிலை நறுக்குவதை நானே பார்த்திருக்கிறேன். நறுக்கி முடித்ததும் முந்தானையால் துடைத்து, மடக்கி, ஒரு தடவை கன்னத்தில் ஒற்றிக்கொண்டுதான் பைக்குள் போடுவார்.

பாட்டி 1983-ல் போன பிறகு கத்தி அத்தையிடம் இருந்தது. அத்தைக்கு இப்போது 81 வயது. மாமா இறந்த பிறகு, இரண்டு வருஷமாக எங்களோடு இருக்கிறார். வரும்போது கொண்டுவந்த தகரப் பெட்டியில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கத்தியும் வந்தது. விளக்கெண்ணெய் பூசிப் பூசி, அது கெட்டியாகி, முத்திரை இருக்கும் இடம் முழுக்கக் கறுப்புப் பிசினாக இருந்தது. ‘கேஸ்’ என்ற பெயர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

மகன் உடனே ஒரு போட்டோ எடுத்தான். போட்டோ சொந்தக்காரர் போனுக்குப் போனது. அங்கிருந்து எங்கெங்கோ போனது. பத்தாவது நாள் பெங்களூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பழம்பொருள் வாங்கி விற்பவர். "மேடம், அது 1930கள்ல வந்த கத்தி. மிஷன் டாக்டர் கொடுத்ததுன்னு உங்க ஃபேமிலி ஸ்டோரி இருக்குல்ல, அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா 40,000 ரூபாய் தர்றேன்" என்றார்.

அது மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம்.

லென்ஸில் தெரிந்தது

நான் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், வாசல் வெளிச்சத்தில் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் காந்தம். பிடியின் இரு முனையிலும் இருக்கும் வெள்ளை உலோக மூடியில் ஒட்டவில்லை. உள்ளே இருக்கும் மஞ்சள் தகட்டிலும் ஒட்டவில்லை. நிக்கல் வெள்ளியும் பித்தளையும்தான், நல்ல அறிகுறி. (மிகப் பழைய கத்திகளில் இரும்புத் தகடே போட்டிருப்பார்கள். ஆகவே காந்தம் ஒட்டினாலே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.)

அடுத்து பிடி. லென்ஸில் பார்த்தால் எலும்பில் சின்னச் சின்னக் கருந்துளைகளும் கோடுகளும் தெரிய வேண்டும். உயிரோடு இருந்த காலத்தில் ரத்தம் ஓடிய வழிகள் அவை. தோலில் மயிர்க்கால் போலத்தான், ஒழுங்கில்லாமல் இருக்கும். எலும்பு மாதிரியே அச்சு வார்த்த பிளாஸ்டிக்கில் அந்தத் துளைகள் இருக்காது. இதில் இருந்தன. நிஜ எலும்பு.

மூன்றாவது, ஸ்பிரிங். அலகை மெல்ல மூடினால் கடைசியில் ‘டக்’ என்று தானே இழுத்துக்கொண்டு உட்கார வேண்டும். இடம் வலம் ஆடக் கூடாது. மூன்று அலகும் ‘டக்’ என்றன. மூடிய பிறகு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், யாரோ நுனியைத் தேய்த்திருக்கிறார்கள், அல்லது வேறு கத்தியின் அலகைக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். இதில் அப்படி இல்லை.

நான்காவது, நிறம். பழைய எஃகு துருப்பிடிக்காத எஃகு அல்ல. மாங்காய் நறுக்கினால் கறுக்கும், எலுமிச்சம்பழம் நறுக்கினால் நீலம் பாயும். வருஷக்கணக்கில் இது சேர்ந்து அலகுக்கு ஒரு சாம்பல் நிறம் வரும். திட்டுத்திட்டாக, ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளுத்தும் இருக்கும். விரல் படுகிற இடம் மட்டும் பளபளக்கும். அமிலத்தில் முக்கி ஒரே நாளில் ‘பழசாக்கிய’ கத்தியில் நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். எங்கள் கத்தியின் நிறம், நிஜமான கையும் நிஜமான புகையிலையும் கொடுத்த நிறம்.

எல்லாம் சரி. கத்தி அசல்.

கடைசியாக முத்திரை. பல் குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி, மினரல் ஆயிலில் நனைத்து, பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. முத்திரை தேய்ந்தால் ஜாதகம் போயிற்று. அரை மணி நேரத்தில் எழுத்து துலங்கியது. ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’. கீழே ‘யு.எஸ்.ஏ.’ அதற்கும் கீழே புள்ளிகள். எண்ணினேன். ஏழு. மகளைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவளும் ஏழு என்றாள்.

1980-ல் ஏழு போனால் 1973.

தாத்தா இறந்தது 1961-ல்.

"யார் பார்க்கப் போறாங்க?"

பெங்களூர்க்காரருக்கு போன் போட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கும் தெரியும் மேடம். புள்ளியெல்லாம் யார் எண்ணிப் பார்க்கப் போறாங்க? வாங்கறவருக்கு வேண்டியது கதைதான். நீங்க கதையை மட்டும் எழுதிக் கொடுங்க, புள்ளியை நான் பார்த்துக்கறேன்."

‘பார்த்துக்கறேன்’ என்றால் என்ன என்பது கத்தி சேர்ப்பவர்களுக்குத் தெரியும். அரத்தால் புள்ளிகளைத் தேய்த்துவிடுவார்கள். பழைய முத்திரையை அழித்துவிட்டு அதைவிடப் பழைய முத்திரையைப் புதிதாக அடிப்பதும் உண்டு. அப்படிச் செய்த கத்தியில், பெயர் இருக்கும் சதுரம் மற்ற அலகுகளின் சதுரத்தைவிட மெலிந்து பள்ளமாக இருக்கும். அமெரிக்காவில் ‘ரெமிங்டன்’ துப்பாக்கிக் கம்பெனி முதல் உலகப்போர் முடிந்த பிறகு, சுமார் 1920-லிருந்து 1940 வரை மடக்குக் கத்திகள் செய்தது. பிடியில் தோட்டா உருவம் பதித்த கத்திகளுக்கு இன்றைக்கு ஏக கிராக்கி. கிராக்கி இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். கதை எழுதிய ஒரு தாளோடு வந்தால் போலியும் அசலாகிவிடுகிறது.

அசல் கத்தியைக்கூடப் பொய்க் கத்தியாக மாற்ற ஒரு கையெழுத்து போதும். க்யூசி-யில் ஒவ்வொரு பெட்டிக்கும் சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தப் பெட்டி எந்த நாட்டுக்குப் போய் யார் திறந்தாலும், உள்ளே இருக்கும் ஷூவுக்கு என் கையெழுத்துதான் சாட்சி. 26 வருஷம் அப்படி வேலை பார்த்துவிட்டு, தாத்தா பெயரில் பொய்ச் சீட்டு ஒட்ட மனசு வரவில்லை. "வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டேன். கட்டணத்துக்கு மகளிர் குழுவில் கடன் வாங்கினோம். அது தனிக்கதை, மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் கேள்வி மட்டும் உள்ளே அரித்தது. தாத்தா இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்துச் செய்த கத்தி, தாத்தாவின் கத்தி என்று எப்படிப் பாட்டியின் சுருக்குப்பைக்கு வந்தது? பதில் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். அவரிடம் கேட்கவும் பயமாக இருந்தது. 81 வயதில், அப்பா ஞாபகமாக வைத்திருக்கும் ஒரு பொருளை, ‘இது அது இல்லை’ என்று எப்படிச் சொல்வது?

அத்தை சொன்னது

ஒரு வாரம் கழித்து, அத்தைக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன். "அத்த, அந்தக் கத்தி தாத்தாவோடதுதானா?"

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பேசவும் இல்லை.

"இன்னாடி திடீர்னு?"

புள்ளிக் கணக்கைச் சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு புள்ளி குறையும் என்றதும் அத்தை சிரித்துவிட்டார். "அடப்பாவிங்களா, கத்தியில போய் கணக்கு எழுதி வச்சிருக்கானுங்களா? இத்தினி வருசம் நான் வாயத் தொறக்கல. அது தொறந்துச்சு பாரு!"

பிறகு சொன்னார்.

தாத்தாவின் நிஜக் கத்தி 1977-லேயே போய்விட்டது. கோடையில் கிணறு தூர் வார இறங்கியபோது, கயிறு அறுப்பதற்காக அப்பா அதை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கிறார். நழுவிச் சேற்றில் விழுந்தது. இரண்டு நாள் சேற்றை வாரி வாரித் தேடியும் கிடைக்கவில்லை. பாட்டி அப்போது குடியாத்தத்தில் சித்தி வீட்டில் இருந்தார். கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போனது அந்த ஒரு முறைதான்.

அந்த மாதமே டேனரியிலிருந்து மெட்ராஸ் பெரியமேட்டுக்குத் தோல் லோடு போனது. அப்பாவும் லாரியில் கூடப் போனார். பெரியமேடு தோல் மண்டிகளிலிருந்து மூர் மார்க்கெட் நடக்கிற தூரம்தான். பழைய புத்தகம், பழைய கடிகாரம், பழைய சாமான் எதுவானாலும் அங்கே கிடைக்கும் என்று பேர் பெற்ற இடம். (1985-ல் தீப்பிடித்து எரிந்துபோனது.) கடை கடையாக ஏறி இறங்கி, மூன்று அலகு, எலும்புப் பிடி, அதே நீளம் என்று தேடிப் பிடித்து வாங்கி வந்திருக்கிறார். "உங்கப்பன் வாரச் சம்பளம் மொத்தமும் போச்சு. அந்த வாரம் வீட்ல கேழ்வரகுக் கூழுதான்" என்றார் அத்தை.

"பாட்டிக்குத் தெரியாதா?"

"அம்மாவுக்குக் கண்ணு அப்பவே மங்கல். தடவித்தான் பாக்கும். இவன் கொண்டாந்து மாடத்துல வச்சிட்டு, என்கிட்ட மட்டும் சொன்னான். அக்கா, அம்மா சாவற வரைக்கும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினான். அம்மா ஊர்லேருந்து வந்துச்சு. எடுத்துச்சு. தடவிச்சு. ஒண்ணும் சொல்லல. பையில போட்டுக்கிச்சு."

அத்தை நிறுத்தினார். நானும் சீப்பை நிறுத்தினேன்.

"அம்மா போறதுக்குக் கொஞ்ச நாள் மின்னாடி என்னைக் கூப்பிட்டுச் சொல்லிச்சு: ‘உங்கப்பன் கத்தியில ஓரத்துல ஒரு பொக்கை இருக்கும். பெருவிரலுக்கு அது தெரியும். இதுல இல்ல. புள்ள என் மனசு நோவக் கூடாதுன்னு எங்கியோ அலைஞ்சு வாங்கியாந்திருக்கான். அவன்கிட்ட சொல்லிடாத.’ ரெண்டு பேரும் என்கிட்டயே சத்தியம் வாங்குனா நான் இன்னா பண்றது? ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. நான் மட்டும் பெட்டியில வச்சிக்கினு கீறேன்."

எனக்கு ஞாபகம் வந்தது, பாட்டி கத்தியைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வது. நான் பார்த்தது 1977-க்குப் பிறகுதான் இருக்கும். அதற்கு முன் எனக்கு ஞாபகம் தெரிகிற வயசில்லை. அப்படியானால் பாட்டி ஒற்றிக்கொண்டது தாத்தாவின் கத்தியை அல்ல.

உங்கள் வீட்டுக் கத்திக்கு

இதைப் படித்துவிட்டு உங்கள் இழுப்பறையைத் திறப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

எலுமிச்சை, புளி, உப்புத்தாள், பாலிஷ் மெஷின் எதையும் கத்தியின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பளபளப்பாக்கினால் மதிப்பு கூடும் என்று நினைப்பார்கள், நடப்பது நேர்மாறு. மினரல் ஆயிலும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். துருவை மட்டும் பொறுமையாக எடுங்கள், நிறத்தை விட்டுவிடுங்கள்.

பழைய கத்தியைத் தோல் உறையில் வைத்து மூடாதீர்கள். தோல்காரி நானே சொல்கிறேன். தோலில் இருக்கும் ஈரமும் பதப்படுத்திய ரசாயனமும் எஃகைத் தின்னும். உலர்ந்த துணியே நல்லது.

பிடி வழவழப்பாகப் பல நிறத்தில் மின்னுகிறதா? விரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. வயசானால் அதிலிருந்து அமில வாயு வெளியாகும். பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் துருப்பிடிக்க வைத்துவிடும். தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். நெருப்பு அருகில் வேண்டவே வேண்டாம், எளிதில் பற்றிக்கொள்ளும்.

மான் கொம்புப் பிடி போட்ட கத்திகள் உண்டு. வெளிநாட்டுக் கம்பெனிகளே நம் நாட்டுக் கடமான் கொம்பை இங்கிருந்து வாங்கிப் போய்ப் பிடி செய்தன. இப்போது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். விற்பதற்கு முன் வனத்துறையில் கேட்டுவிடுங்கள். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருள், கைவினைப்பொருள் எதையும் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் கத்தியை மறந்து வைத்துவிடாதீர்கள். தாத்தா கொடுத்தது என்று சொன்னாலும் செக்யூரிட்டியில் விடமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு துண்டுத் தாள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். யாருடையது, எப்போது வந்தது, எங்கே வாங்கியது, யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று. தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். லென்ஸுக்கு ஆண்டு தெரியும், ஊர் தெரியும். பாட்டியின் பெருவிரலுக்குத் தெரிந்தது லென்ஸுக்குத் தெரியாது.

ஏழு புள்ளிக் கத்திக்குச் சந்தையில் இன்றைக்குச் சில ஆயிரம் ரூபாய் கிடைக்கும். என் அமெரிக்க டப்பாவில் ஐந்தாவதாக அது இருக்கிறது. கூடவே ஒரு சீட்டு. அத்தையை வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:

‘கேஸ் கம்பெனி, பிராட்ஃபோர்ட், அமெரிக்கா. செய்தது 1973. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் அப்பா வாங்கியது 1977. விலை, ஒரு வாரச் சம்பளம். பாட்டி புகையிலை நறுக்கியது. அசல்.’

கீழே கையெழுத்துப் போட்டேன். அத்தையும் போடுவேன் என்றார். கை நடுங்க நடுங்கப் போட்டார்.